பேட்டரியை மாற்றும் முன்: சிறிய படகு எஞ்சினின் சார்ஜிங்கை மல்டிமீட்டரால் சோதிக்கும் முறை

பாம்பனில் என் தாய்மாமன் தம் பைபர் படகுக்கு ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரிகள் வாங்கினார். முதலாவது ஐந்தாம் மாதத்தில் எஞ்சினைக் கிளப்ப மறுத்தது. அதை எடைக்குப் போட்டுவிட்டு வாங்கிய இரண்டாவதும், மூன்று மாதம் கழித்து, நள்ளிரவில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது விளக்கை மங்கவிட்டது. "மாப்பிள்ளை, இந்தப் பேட்டரியும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதற்குப் பணம் புரட்டக் கிளம்பியவரை ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரோடு படகில் ஏறினேன். பேட்டரியில் குறையில்லை. மின்சாரம் தரும் கம்பிச்சுருளான காயில் வேலை செய்தது. அந்த மின்சாரத்தை அளவுக்கு மீறாமல் காக்கும் ரெகுலேட்டரும் வேலை செய்தது. எஞ்சின் உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு வரும் எர்த் வயரின் முனை வளையம், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துப் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆனது ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு புதிய வளையமும்தான்.

விளக்கு மங்கினால் கண்ணுக்குத் தெரிவது பேட்டரி ஒன்றுதான் என்பதால், பழியும் அதன்மேலேயே விழுகிறது. பேட்டரிக்கு மின்சாரம் வந்து சேர்கிறதா என்று பார்க்காமல் பேட்டரியை மாற்றுவதால் வீணாகும் பணம் இந்தக் கரையில் கொஞ்சமன்று. வந்து சேர்கிறதா என்று பார்க்கத் தேவையானவை சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், எந்த இடத்தில் எந்த எண் வர வேண்டும் என்ற தெளிவும் மட்டுமே. மீட்டரை இதுவரை கையில் எடுத்திராதவர்களுக்காக அந்தத் தெளிவை இங்கே எழுதுகிறேன். பிளைவீல் என்ற சுழலும் சக்கரத்துக்குள் காயில் வைத்த, 12 வோல்ட் பேட்டரியோடு ஓடும் சிறிய எஞ்சின்களையே மனத்தில் வைத்திருக்கிறேன். அது படகில் இருந்தாலும், உப்பளத்தில் நீர் இறைத்தாலும், இருசக்கர வண்டியில் இருந்தாலும் சோதனையின் அடிப்படை ஒன்றுதான்.

இராமநாதபுரம் சீமையில் வளர்ந்தவர்களுக்குக் கண்மாயைச் சொன்னால் சார்ஜிங் புரிந்துவிடும். ஆற்றில் வரும் தண்ணீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாயை நிரப்புகிறது. மடையைத் திறந்தால் வயலுக்குப் பாய்கிறது. நிறைந்த பிறகு வரும் உபரி கலுங்கு வழியே வெளியேறுகிறது. பேட்டரியைக் கண்மாய் என்று கொண்டால், எஞ்சினில் உள்ள காயில் ஆறு; வயர்களும் அவற்றின் இணைப்புகளும் வரத்துக்கால்; விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவை மடைகள்; ரெகுலேட்டர் கலுங்கு. வோல்ட் என்பது நீர்மட்டத்தின் உயரம். ஆம்பியர் என்பது பாய்கின்ற நீரின் அளவு. ஓம் என்பது வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலமும் மண்மேடும் தண்ணீருக்குத் தருகிற தடை. கண்மாயில் நிற்கும் நீர்மட்டத்தைவிட வரத்துக்காலின் நீர்மட்டம் உயர்ந்திருந்தால்தான் தண்ணீர் உள்ளே வரும். சமமாக இருந்தால் நிற்கும். தாழ்ந்திருந்தால் உள்ளிருப்பதும் திரும்பி ஓடப் பார்க்கும். கீழே சொல்லப்போகும் எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரிதான் வேர்.

காயிலில் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு கம்பிச்சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் அந்தச் சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்தார். எஞ்சினின் பிளைவீலுக்குள் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே, அசையாமல், செம்புக் கம்பி சுற்றிய காயில் தொகுதி இருக்கும். இதைப் பட்டறையில் ஸ்டேட்டர் என்பார்கள். காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிக் கடப்பதால், காயிலில் பிறப்பது திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி மின்சாரம். பேட்டரியோ ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். எனவே இடையில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளால் ஆன ரெக்டிபையர் ஒன்று திசையை ஒழுங்குபடுத்துகிறது. ரெகுலேட்டர் அளவுக்கு மீறாமல் காக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களில் இவை இரண்டும் வெப்பம் ஆறுவதற்கான அலுமினியத் துடுப்புகளோடு ஒரே பெட்டியாக வருகின்றன, கடைகளில் ஆர்.ஆர். யூனிட் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்.

மீட்டரில் நமக்கு வேண்டிய இடங்கள் மிகச் சில. 'வி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு நேர்கோடும் அதன் கீழ்ப் புள்ளிக்கோடும் இருந்தால் அது டிசி வோல்ட்; அதே எழுத்தோடு அலை போன்ற நெளிகோடு இருந்தால் ஏசி வோல்ட். குதிரை லாடம் போன்ற குறி ஓம். அம்பும் அதன் நுனியில் ஒரு கோடுமாக இருப்பது டயோடு சோதனை. கறுப்பு முனையை எப்போதும் 'காம்' என்று எழுதிய துளையிலும், சிவப்பு முனையை 'வி' என்று எழுதிய துளையிலும் செருக வேண்டும். எல்லையை நாமே தேர்ந்தெடுக்கும் மலிவான மஞ்சள் மீட்டராக இருந்தால் பேட்டரியை அளக்க டிசி 20 என்ற இடத்துக்குத் திருப்ப வேண்டும். முதல் வேலையாக இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு ஓம் அளந்து பாருங்கள். 0.2 அல்லது 0.3 என்று காட்டினால் அது மீட்டர் வயர்களின் சொந்தத் தடை. பின்னால் அளக்கும் ஓம் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எண் நிலைக்காமல் ஆடினால் மீட்டரின் வயரே பழுது. கடற்காற்றில் கிடந்த மீட்டருக்கு இது அடிக்கடி நேரும்.

மூன்றாவதாக ஒரு துளை இருக்கும். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். சிவப்பு முனை அதில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், பேட்டரியை ஒரு கம்பியால் நேரடியாக இணைத்ததற்குச் சமம். நல்ல மீட்டரில் உள்ளே உள்ள பியூஸ் போகும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்குப் பியூஸே கிடையாது. வயர் உருகிக் கை வெந்துவிடும். ஆம்பியர் அளந்து முடித்த கையோடு சிவப்பு முனையைப் பழைய துளைக்கு மாற்றிவிடும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதுதான் பாதிச் சோதனைகள் நடக்கும் என்பதால், கைலியையும் தோள் துண்டையும் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பிளைவீல் சுற்றும் இடத்தில் குனிந்து வேலை செய்பவர் கைலியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும். துண்டைக் கழற்றி வைத்துவிடட்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறியில் வெடிக்கக்கூடியது. பக்கத்தில் பீடி கூடாது. கைகளும் நிற்கும் இடமும் ஈரமில்லாமல் இருக்கட்டும். கடல்நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினைத் தரையில் வெறுமனே ஓட்டினால் அதன் தண்ணீர்ப் பம்பு தேய்ந்து போகும். தண்ணீர் நிறைந்த பீப்பாயிலோ கடலிலோ வைத்தே ஓட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. "கழற்றினாலும் எஞ்சின் ஓடுகிறது, ஆகவே சார்ஜ் ஆகிறது" என்று சோதிக்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பேட்டரி என்ற தாங்கல் இல்லாதபோது வோல்ட் திடீரென எகிறி ரெகுலேட்டரையும், அதே வயரில் தொங்கும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

இனி அளக்கத் தொடங்கலாம். முதல் அளவு ஓய்ந்திருக்கும் பேட்டரியுடையது. ஈய அமிலப் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. முழுதாக நிறைந்த அறை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவதால் மொத்தம் 12.6 அல்லது 12.7 வோல்ட் வரும். சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் வைத்துப் படியுங்கள். 12.4 என்றால் முக்கால் பங்கும், 12.2 என்றால் பாதியும், 12.0 என்றால் கால் பங்கும் இருப்பதாகக் கொள்ளலாம்; 11.8க்குக் கீழே போனால் வற்றிவிட்டது. பேட்டரி என்றால் 12 வோல்ட்தானே, 12.0 காட்டினால் நிறைவாக இருக்கிறது என்று எண்ணுவதுதான் புதிதாக அளப்பவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது. இரண்டாவது பிழை, கரைக்கு வந்த உடனே அளப்பது. அப்போதுதான் சார்ஜ் ஆகி நின்ற பேட்டரி, தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜினால் 12.9, 13.0 என்று பொய் காட்டும். சில மணி நேரம் ஓய விட்டு, இயன்றால் மறுநாள் காலையில் அளப்பதே நம்பத்தக்கது.

வோல்ட் நன்றாக இருப்பதாலேயே பேட்டரி நல்லது என்று முடிவு செய்யவும் முடியாது. தூர்ந்து போன கண்மாயிலும் நீர்மட்டம் உயரமாகத் தெரியும். மடையைத் திறந்ததும் சட்டென்று இறங்கிவிடும். அதேபோல் செல்ப் ஸ்டார்ட் உள்ள எஞ்சினில், மீட்டரை வைத்துக்கொண்டே ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். எண் ஒரு நொடி கீழே விழும். 10 வோல்ட் அளவில் தாங்கினால் நன்று. 12.6 காட்டிய பேட்டரி 9.6க்கும் கீழே சரிந்தால், ஒன்று பேட்டரி உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினாக இருந்தால், எஞ்சினை நிறுத்தியபடியே படகின் எல்லா விளக்குகளையும் கால் மணி நேரம் எரியவிட்டு அளக்கலாம். நல்ல பேட்டரி மெல்ல மட்டுமே இறங்கும்.

இரண்டாவது அளவுக்காகத்தான் இவ்வளவும். மீட்டர் முனைகள் அதே பேட்டரி முனைகளில் இருக்க, எஞ்சினைக் கிளப்பி, முழு வேகத்தில் பாதிக்கு மேல் உயர்த்துங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் ஓர் எண் வந்து நின்றால், ஆறு, வரத்துக்கால், கலுங்கு மூன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். நின்றபோது இருந்த 12.4 ஓடும்போதும் 12.4ஆகவே இருந்தாலோ, அதிலிருந்து இறங்கினாலோ, சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் வேலையை விட்டுவிட்டது. கலுங்கு அடைபட்ட கண்மாய்க்குக் கரை உடையும் ஆபத்து எவ்வளவோ அவ்வளவு ஆபத்து இது. பேட்டரி கொதித்து நீர் வற்றும், விளக்குகள் ஒவ்வொன்றாகப் போகும். அடிக்கடி பேட்டரித் தண்ணீர் குறைகிறது, பல்பு நிலைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். குறைந்த நீரை ஈடுகட்டக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கடலோரக் கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

இங்கே பொறுமை வேண்டிய ஒரு நிலையும் உண்டு. மிகவும் வற்றிய பேட்டரியில், சிறிய காயில் எவ்வளவு தந்தாலும் வோல்ட் உடனே 14க்கு ஏறாது; 12.7, 12.9, 13.1 என்று சிறுகச் சிறுகவே உயரும். உயர்ந்துகொண்டிருக்கிறது என்றால் சார்ஜ் வருகிறது. இதைப் பழுது என்று எண்ணி ரெகுலேட்டரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச் சார்ஜரில் ஓர் இரவு போட்டு நிறைத்துவிட்டுச் சோதித்தால் இந்தக் குழப்பமே வராது.

மூன்றாவது அளவு, ஓடும் எஞ்சினில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு எடுப்பது. 13.5 அளவில் நின்றால் நல்லது. 13க்குக் கீழே, 12.6, 12.5 என்று இறங்கிக்கொண்டே போனால், எதுவும் பழுதாகாமலேயே பேட்டரி வற்றும் நிலை ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டும், 10 வாட் இழுக்கும் ஜிபிஎஸ் ஒன்றும் சேர்ந்தால் 120 வாட். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர். காயில் தரக்கூடியது 6 ஆம்பியர்தான் என்றால், மீதி 4 ஆம்பியர் பேட்டரியிலிருந்துதான் போகிறது. எட்டு மணி நேர இரவில் 32 ஆம்பியர்-மணி காலி. புதிய பேட்டரி போட்டாலும் சில நாள்களில் இதே கதைதான். அங்கே மாற்ற வேண்டியது விளக்கு. 55 வாட்டுக்குப் பதில் 15 வாட் எல்இடி போட்டால் கணக்கு தானாக நேராகிவிடும். காயிலின் ஆம்பியர் அளவு எஞ்சினுடன் வந்த கையேட்டில் இருக்கும். விளக்கு வாங்கும் முன் அதைப் பார்ப்பவர் குறைவு.

ஓடும் எஞ்சினில் வோல்ட் ஏறவில்லை என்றால், பெரும்பாலோர் உடனே ரெகுலேட்டரையோ காயிலையோ கழற்றத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் இணைப்புகளில் வோல்ட் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையில் மிகுதியாகப் பயன்படும் சோதனை இதுதான் என்பது என் துணிபு. பட்டறைகளில் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான். பாம்பன் தீவுக்கு இரு பக்கமும் கடல். ஆடிக் காற்றில் தென்கடல் பொங்கும். வாடைக் காலத்தில் வடகடல். ஆண்டில் எந்த மாதமானாலும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உப்புத் துளி காற்றோடு வந்துகொண்டேதான் இருக்கிறது. அது வயரின் முனை வளையத்துக்குள்ளும், அங்கிருந்து ரப்பர் உறைக்குள்ளும் ஊறிச் செம்பைக் கறுக்கவைக்கும், பச்சை பூக்கவைக்கும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாக இருக்கும், வயர் முழுதாக இருக்கும். மின்சாரத்துக்கு மட்டும் வழி அடைபட்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் வண்டியின் இரும்புச் சட்டமே எர்த்தாக வேலை செய்வதால் ஓரிடம் கெட்டாலும் வேறு வழி கிடைக்கலாம். பைபர் படகிலும் மரப் படகிலும் உடம்பு மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினிலிருந்து பேட்டரி வரை எர்த் வயர் ஒன்றுதான் திரும்பும் வழி.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சின் ஓடட்டும், விளக்குகள் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரின் தொடக்கத்திலும், மறு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். ஒரே வயரின் இரு நுனிகளையும் அளக்கிறோம். வயரும் இணைப்பும் பியூஸும் நன்றாக இருந்தால் பூஜ்யத்துக்கு அருகில், 0.1 வோல்ட் போலக் காட்டும், 0.2ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்; 0.5 என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது. அடுத்து ஒரு முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இரும்பிலும், மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். இங்கும் 0.2க்கு மேல் கூடாது. பேட்டரி முனை என்று சொல்லும்போது வயரின் வளையத்தைத் தொடாமல், ஈயத்தாலான முனையையே தொட வேண்டும். அப்போதுதான் அந்த வளையத்துக்கும் முனைக்கும் இடையில் தொலைவதும் கணக்கில் வரும்.

என் மாமாவின் படகில் அன்று எடுத்த அளவுகள் இவை. ரெகுலேட்டர் வாயிலுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே 14.2 வோல்ட். பேட்டரி முனைகளுக்கு இடையே 12.5 மட்டும். பாசிட்டிவ் வயரில் தொலைந்தது 0.1. எர்த் வழியில் தொலைந்தது 1.6. கூட்டிப் பார்த்தால் 14.2 சரியாக வரும். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கண்மாய்க்கு வரும் வழியில் பாதி நின்றுவிட்டது. அந்த இணைப்பில் ஏறக்குறைய 8 ஆம்பியர் பாய்ந்திருந்தால், 1.6ஐ 8ஆல் வகுக்க, அதன் தடை 0.2 ஓம். 13 வாட் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்ததால், போல்ட்டைத் தொட்டபோது சுட்டது.

இதே இணைப்பை எஞ்சினை நிறுத்திவிட்டு ஓம் அளந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மீட்டரின் சொந்த வயரே 0.2 ஓம் காட்டும்போது, கூடுதலாக வரும் 0.2 ஓமை யாரும் பழுது என்று சொல்லமாட்டார்கள். தொடர்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் 'பீப்' ஒலியும் கேட்டிருக்கும். மீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். இருபது இழைகளில் ஒன்றே ஒன்று மீந்திருந்தாலும் அது தாராளமாகக் கடந்துவிடும். எட்டு ஆம்பியர் வரும்போதுதான் அந்த ஓர் இழை திணறும். இணைப்பைச் சோதிக்க வேண்டுமானால் சுமையோடுதான் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

குறை தெரிந்த பிறகு செய்ய வேண்டியது: நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வயரை நறுக்கி, புதிய வளையம் அழுத்தி, எஞ்சின் உடம்பில் அது அமரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூச வேண்டும். பூசியபின் இறுக்குவதைவிட இறுக்கியபின் பூசுவது நல்லது. வயரையே மாற்றுவதானால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் உப்புக்கு நெடுநாள் தாங்கும்.

இணைப்புகள் எல்லாம் சரி, ஆனாலும் ரெகுலேட்டர் வாயிலிலேயே 14 இல்லை என்றால் காயிலைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குச் செல்லும் செருகியைக் கழற்றுங்கள். காயில் வயர்களுக்கு இடையே ஓம் மிகக் குறைவாக, பெரும்பாலும் 1 ஓம் அளவிலோ அதற்கும் கீழோ இருக்கும். மீட்டரின் சொந்தத் தடையைக் கழிக்க மறக்கக் கூடாது. மூன்று வயர் இருந்தால் மூன்று இணைகளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது. அப்போது மீட்டர் 'ஓஎல்' என்றோ, இடது ஓரத்தில் தனி 1 என்றோ காட்டும். தொடர்பு இருந்தால் காயிலின் காப்புப் பூச்சு எரிந்து உடம்பைத் தொட்டுவிட்டது. காயிலின் ஒரு நுனியை எஞ்சின் உடம்போடேயே இணைத்துச் செய்த சிறிய எஞ்சின்களும் உண்டு. அவற்றில் இந்தத் தொடர்பு இயல்பானது என்பதால், உங்கள் எஞ்சினின் வயரிங் படத்தைப் பார்த்தபின்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

செருகி கழன்றிருக்கும்போதே எஞ்சினைக் கிளப்பி, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, காயில் வயர்களுக்கு இடையே அளக்கலாம். டிசியில் வைத்தபடியே அளந்துவிட்டு 'காயில் செத்துவிட்டது' என்று சொல்லும் தவறு இங்கே மிகவும் சகஜம். எஞ்சின் வேகம் ஏற ஏற எண்ணும் ஏற வேண்டும். இரு மடங்கு வேகத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. எவ்வளவு வர வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிலவற்றில் 20 வோல்ட் போதும், சிலவற்றில் 50ஐயும் தாண்டும். அந்த வோல்ட் ஈரக் கையில் அதிர்ச்சி தரும். மூன்று இணைகளில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சுற்று எரிந்திருக்கிறது. எல்லாமே சமமாகத் தாழ்ந்திருந்தால், பிளைவீல் காந்தம் வலுவிழந்திருக்கலாம் அல்லது ஒட்டு விட்டுப் பெயர்ந்திருக்கலாம். உப்பு நீர் புகுந்த பிளைவீலில் இதையும் பார்க்க வேண்டும்.

காயில் நன்றாக இருந்து, இணைப்புகளும் பேட்டரியும் நன்றாக இருந்தால் எஞ்சியிருப்பது ஆர்.ஆர். யூனிட். அதன் டயோடுகளை மீட்டரின் டயோடு சோதனையில் பார்க்கலாம். ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், முனைகளை மாற்றிப் பிடித்தால் 'ஓஎல்' வர வேண்டும். இரு திசையிலும் பூஜ்யம் என்றால் டயோடு ஒட்டிக்கொண்டது; இரு திசையிலும் 'ஓஎல்' என்றால் அறுந்தது. ஆனால் உள்ளே வேறு மின்னணுப் பாகங்களும் சேர்ந்து பிசினில் முழுகிக் கிடக்கும் யூனிட்களில் இந்த எண்கள் தெளிவாக வராது. ஆகவே நான் மற்ற மூன்றையும் ஐயமறச் சோதித்து விலக்கிவிட்டுத்தான் யூனிட்டை மாற்றச் சொல்வேன். கடைசியாகச் சோதிப்பதை முதலில் மாற்றுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தும், சில நாள் படகை நிறுத்திவைத்தால் பேட்டரி வற்றுகிறது என்பது தனிச் சிக்கல். எல்லாவற்றையும் அணைத்தபின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக வைத்து அளந்தால், களவாக எவ்வளவு கசிகிறது என்று தெரியும். அந்நேரம் எஞ்சினைக் கிளப்பவோ விளக்கைப் போடவோ கூடாது. 50 மில்லி ஆம்பியர் என்பது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுக்கு அதைப் பெருக்கினால் 73 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்று முழுதாகக் காலி. வற்றியபடியே கிடக்கும் தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. தடைக்காலத்தில் எஞ்சின் வேலை பார்க்கப் படகைக் கரையேற்றும் அன்றே நெகட்டிவ் வயரைக் கழற்றிவைப்பதும், மாதம் ஒருமுறை வெளிச் சார்ஜரில் போடுவதும் இதற்குப் போதும்.

சரிசெய்த பிறகு மறுபடி மூன்று அளவுகளையும் எடுத்து, எழுதியும் வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஐயம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் எஞ்சினின் சொந்த எண்களைவிட நல்ல அளவுகோல் இல்லை. மாமாவின் படகில் புதிய வளையம் போட்ட அன்று எர்த் வழியில் தொலைந்தது 0.04 வோல்ட். பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில், படகுக்குப் பூசிய நீலப் பெயின்டிலேயே, அவர் கையால் எழுதியிருக்கிறார்: நிற்கும்போது 12.6, ஓடும்போது 14.1, விளக்கோடு 13.7.